கட்டைவிரல் மட்டும் போதுமா? மவுண்டன் பைக் கியர் ஷிஃப்டர்களை ஒப்பிடுவது எப்படி

மேடு ஏறும்போது கியர் மாற்றுவதும், மேட்டைத் தாண்டியதும் கியர் மாற்றுவதும் ஒரே வேலை இல்லை. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, தொடை கனக்கிறது, "இன்னும் லேசாக, இன்னும் லேசாக" என்று கட்டைவிரல் லிவரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. உச்சியைத் தாண்டிய நொடியில் நிலைமை தலைகீழ். சைக்கிள் தானாக உருளத் தொடங்கிவிடும், கால் வெறுமனே சுற்றும், சட்டென்று கனமான கியருக்கு வந்தாக வேண்டும்.

கியர் மாற்றும் லிவர்கள் உள்ள சின்னப் பெட்டிதான் ஷிஃப்டர். அதைச் செய்யும் நிறுவனங்களில் ஷிமானோ நல்லதா, ஸ்ராம் நல்லதா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஏறும்போது செய்யும் வேலையை எல்லா நிறுவன ஷிஃப்டரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்கிறது. உச்சி தாண்டிய அந்த நொடியில்தான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டுகிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் அந்தச் சின்னப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை கயிற்றை இழுக்கிறது. இழுத்த கயிறு நழுவாமல் மற்றொரு கை பிடித்துக்கொள்கிறது. ஷிஃப்டருக்குள்ளும் அதே கதைதான். கேபிளைச் சுற்றிக்கொள்ளும் ஒரு சிறிய உருளை. அதோடு சேர்ந்து சுழலும் பல் வைத்த ஒரு வளையம். அந்தப் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும் ஒரு கொக்கி. பெரிய லிவரைக் கட்டைவிரலால் தள்ளும்போது உருளை ஒரு பல் அளவு திரும்பி, கேபிளை இழுத்து, 'டக்' என்று கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. கேபிளின் மறுமுனையில், பின் சக்கரத்துக்கு அருகில் டீரெயிலர் தொங்குகிறது. பிரெஞ்சுச் சொல், தண்டவாளத்திலிருந்து புரட்டிவிடுவது என்று பொருள். பெயருக்கேற்றபடி அது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பல்சக்கரத்துக்குப் புரட்டிவிடுகிறது. கேபிளை இழுத்தால் பெரிய பல்சக்கரம், அதாவது லேசான கியர்.

சரி, திரும்பி வருவது எப்படி? அதற்குத்தான் சிறிய லிவர். அது கேபிளைத் தொடுவதே இல்லை. கொக்கியைப் பல்லிலிருந்து தூக்கிவிடுகிறது, அவ்வளவுதான். டீரெயிலருக்குள் இருக்கும் ஸ்பிரிங் உடனே கேபிளைத் தன் பக்கம் இழுக்கிறது. மொத்தக் கேபிளும் ஒரேயடியாக ஓடிவிடாமல் அடுத்த பல்லிலேயே இன்னொரு கொக்கி நிறுத்திவிடுகிறது. பழைய சாவிக் கடிகாரத்தில் முள் ஒவ்வொரு பல்லாக நகர்வது இதே ஏற்பாட்டில்தான்.

ஆக, ஒரு லிவர் இழுக்கும் லிவர், மற்றொன்று விடும் லிவர். இழுப்பது உங்கள் விரலின் பலத்தில் நடக்கிறது. விடுவது ஸ்பிரிங்கின் பலத்தில். இழுக்கும் லிவரைப் பெரியதாக, கட்டைவிரலுக்கு வாகாக வைப்பதைத் தவிர வடிவமைப்பாளருக்கு அதிக வழியில்லை. விடும் லிவருக்குப் பலமே தேவையில்லை என்பதால் அதை எங்கே வைப்பது, எந்த விரலுக்குக் கொடுப்பது, ஒரு தள்ளலில் எத்தனை கியர் விடுவது என்று விளையாட நிறைய இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய மவுண்டன் பைக்குகளில் பெரும்பாலும் முன்னால், பெடலோடு சேர்ந்து சுற்றுவது ஒரே பல்சக்கரம்தான். அதனால் ஷிஃப்டரும் ஒன்றுதான், வலது கைப் பக்கம். இடது பக்கம் ஒரு லிவர் இருந்தால் அது அநேகமாக சீட்டை ஏற்றி இறக்குவதற்கானது. முதல் முறை ஓட்டுபவர்கள் அதைக் கியர் என்று நினைத்து அழுத்திவிட்டு, சீட் திடீரென்று கீழே போனதும் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கம்பெனி, இரண்டு பழக்கம்

ஷிமானோ 1921-ல் ஜப்பானில் ஒசாகாவை ஒட்டிய சக்காய் நகரத்தில் தொடங்கியது. ஸ்ராம் அதற்கு அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1987-ல் அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தது. ஷிமானோ 1984-ல் ரோடு சைக்கிள்களுக்காக எஸ்ஐஎஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒரு கிளிக் என்றால் ஒரு கியர் என்பதை உறுதிப்படுத்தியது அதுதான். அதற்கு முன்பெல்லாம் லிவரைச் சும்மா நகர்த்தி, செயின் சரியாக உட்கார்ந்த சத்தத்தைக் காதால் கேட்டு நிறுத்த வேண்டும். வீணைக்குச் சுதி சேர்ப்பது மாதிரி, தேர்ந்த கைக்குத்தான் படியும்.

ஷிமானோவின் ரேபிட்ஃபயர் என்ற ஷிஃப்டர் 1990-ஐ ஒட்டி வந்தது. முதல் ரேபிட்ஃபயரில் இரண்டு லிவரையுமே கட்டைவிரலால்தான் தள்ள வேண்டியிருந்தது. சில ஆண்டுகளிலேயே ரேபிட்ஃபயர் பிளஸ் என்று மாற்றி, இழுப்பதைக் கட்டைவிரலுக்கும் விடுவதை ஆள்காட்டி விரலுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு விரலுக்கு ஒரு வேலை, குழப்பமில்லை. பின்னால் விடும் லிவரை இரு திசையிலும் நகரும்படி செய்தார்கள். ஆள்காட்டி விரலால் நம் பக்கம் இழுக்கலாம், அல்லது கட்டைவிரலால் முன்னால் தள்ளலாம். எது செய்தாலும் கியர் விடும். இன்றைய 12 கியர் வரிசையில் கீழ்ப்படியான டியோர் முதல் மேல்படியான எக்ஸ்டிஆர் வரை இந்த வசதி இருக்கிறது.

ஸ்ராம் தொடங்கியதே லிவர் இல்லாமல்தான். அதன் முதல் பொருள் கிரிப் ஷிஃப்ட், கைப்பிடியையே முறுக்கிக் கியர் மாற்றும் வகை. மோட்டார் சைக்கிள் ஆக்சிலரேட்டரைத் திருகும் அதே அசைவு. லிவர் வைத்த டிரிகர் ஷிஃப்டருக்கு ஸ்ராம் 2000-களில்தான் வந்தது. வந்தபோது ஷிமானோ கைவிட்ட அதே எண்ணத்தைக் கையில் எடுத்தது: இரண்டு லிவர், இரண்டுமே கட்டைவிரலுக்கு, இரண்டுமே ஒரே திசையில் முன்னோக்கித் தள்ளுவது. ஆள்காட்டி விரலுக்கு வேலையே இல்லை.

ஒருவர் வேண்டாம் என்று விட்டதை இன்னொருவர் எடுத்து ஜெயித்தது எப்படி? எனக்குத் தோன்றுகிற காரணம் பிரேக். டிஸ்க் பிரேக் பரவலான பிறகு ஒற்றை விரலில் பிரேக் பிடிப்பது மவுண்டன் பைக்கில் வழக்கமாகிவிட்டது. அந்த ஒற்றை விரல் ஆள்காட்டி விரல்தான். கரடுமுரடான இறக்கத்தில் அது பிரேக் லிவரை விட்டு நகரக் கூடாது. அப்போது கியர் விடுவதற்கும் அதே விரலைக் கேட்டால் அது எங்கே போகும்? கட்டைவிரல் மட்டும் என்ற ஸ்ராமின் ஏற்பாடு இந்த இடத்தில் இயல்பாகப் பொருந்துகிறது. ஷிமானோ தன் விடும் லிவரை இரண்டு பக்கமும் நகரும்படி செய்திருப்பதும் இதே சிக்கலைத்தான் தீர்க்கிறது.

அடுத்த வித்தியாசம், ஒரே தள்ளலில் எத்தனை கியர் என்பது. இழுக்கும் பக்கம் இரண்டு நிறுவனங்களும் தாராளம். பெரிய லிவரை ஆழமாகத் தள்ளினால் பல கியர்களை ஒரே மூச்சில் தாண்டலாம். விடும் பக்கம் ஸ்ராமின் கேபிள் ஷிஃப்டர் ஒரு தள்ளலுக்கு ஒரே ஒரு கியர்தான் விடும். மூன்று கியர் வேண்டுமென்றால் டக், டக், டக். ஷிமானோவில் எக்ஸ்டி, எக்ஸ்டிஆர் போன்ற மேல்மட்ட ஷிஃப்டர்களில் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளினால் ஒரே அசைவில் இரண்டு கியர் விடும். டியோரில் ஒன்றுதான்.

இது பெரிய விஷயமா? உச்சி தாண்டும் நொடியில் ஆமாம். இரண்டு தள்ளலில் நான்கு கியர் போய்விடுகிறது. குண்டும் குழியுமான பாதையில் அதுவே தொல்லையாகவும் மாறலாம். ஒரு குலுக்கலில் விரல் கூடுதலாக அழுந்தி, ஒரு கியர் கேட்ட இடத்தில் இரண்டு விட்டுவிடும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒன்றே ஒன்று என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இதில் நான் எந்தக் கட்சியிலும் இல்லை. வேகமாக ஏறி இறங்கும் பாதைகளில் ஒரே தள்ளலில் இரண்டு கியர் விடுவது பிடிக்கும், பாறைகளில் பிடிக்காது.

கைக்குத் தெரியும் உணர்வும் வேறு வேறு. ஸ்ராமின் லிவரில் கிளிக் குட்டையாக, வெடுக்கென்று விழும். கையுறை போட்டிருந்தாலும் கியர் மாறியது சந்தேகமில்லாமல் தெரியும். ஷிமானோவின் எக்ஸ்டி, எக்ஸ்டிஆர் லிவர்களில் விரல் படும் இடத்தில் ரப்பர் பூச்சு உண்டு. ஈரத்தில் வழுக்காது, அசைவும் கொஞ்சம் பஞ்சு வைத்தாற்போல இருக்கும். எது உயர்ந்தது என்று சண்டை போடுவது காபியா டீயா என்பது மாதிரி.

ஷிஃப்டரைத் தனியாக வாங்க முடியாது

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரு நிறுவனத்தின் ஷிஃப்டர் கைக்குப் பிடித்திருக்கிறது, டீரெயிலர் வேறு நிறுவனத்துடையது. இரண்டும் 12 கியர்தானே, சேராதா? சேராது.

கிளிக்குக்கு எவ்வளவு கேபிளை இழுப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. அந்த இழுப்புக்கு டீரெயிலர் எவ்வளவு நகரும் என்பதும் அப்படியே. 9 கியர் காலத்து ஷிமானோவில் கேபிள் 1 மி.மீ. நகர்ந்தால் டீரெயிலர் சுமார் 1.7 மி.மீ. நகரும். பேச்சுவழக்கில் அதை இரண்டுக்கு ஒன்று என்பார்கள். ஸ்ராம் 1990-களின் நடுவில் ஒன்றுக்கு ஒன்று என்று விளம்பரப்படுத்தித் தன் முறையைக் கொண்டுவந்தது. நிறையக் கேபிள் இழுத்து, டீரெயிலரைக் கொஞ்சமாக நகர்த்துவது. இதில் ஒரு நல்ல தர்க்கம் இருந்தது. கேபிளில் சேறு ஏறி அரை மில்லிமீட்டர் பிழை வந்தால், ஷிமானோ முறையில் அது டீரெயிலரில் பெருகும். ஸ்ராம் முறையில் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். பிறகு 2010-ஐ ஒட்டி, 10 கியருக்கு வந்தபோது ஷிமானோவும் தன் விகிதத்தை அதே திசையில் குறைத்துக்கொண்டது. அதனால் ஷிமானோவின் 9 கியர் ஷிஃப்டர் ஷிமானோவின் 10 கியர் மவுண்டன் பைக் டீரெயிலரோடுகூட ஒத்துப்போகாது. சொந்த வீட்டுக்குள்ளேயே சேர்த்தி இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பொருந்தாத ஷிஃப்டர் ஒன்று கிளிக்குக்கு வெறும் 0.2 மி.மீ. கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 கியர் என்றால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 11 கிளிக். பிழை 2.2 மி.மீ. ஆகிவிட்டது. 12 கியர் கேசட்டில், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கில், ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 4 மி.மீ.-கூடக் கிடையாது. அதாவது செயின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே எங்கேயோ நின்று 'கரகர' என்று முனகும். ஒரு கோடியில் சரி செய்தால் மறு கோடியில் கெட்டுப்போகும். எந்தத் திருகைத் திருகினாலும் தீராது. 8 கியர் காலத்தில் அந்த இடைவெளி 4.8 மி.மீ. இருந்தது, கொஞ்சம் பிசகினாலும் சைக்கிள் மன்னிக்கும். இன்று மன்னிப்பதில்லை.

ஒரே குடும்பத்துக்குள் மாற்றிக்கொள்வதில் தடையில்லை. ஷிமானோவின் 12 கியரில் டியோர், எஸ்எல்எக்ஸ், எக்ஸ்டி, எக்ஸ்டிஆர் எல்லாம் ஒன்றோடொன்று சேரும். ஸ்ராமின் ஈகிள் கேபிள் வரிசையில் எஸ்எக்ஸ், என்எக்ஸ், ஜிஎக்ஸ் தொடங்கி மேலே வரை சேரும். இதை வைத்து ஒரு நல்ல தந்திரம் செய்யலாம்: டீரெயிலரைக் கீழ்ப்படியில் வாங்கி, ஷிஃப்டரை ஒரு படி மேலே வாங்குங்கள். டீரெயிலர் பாறையில் இடித்து, கல்லில் உரசி, ஒருநாள் வளையத்தான் போகிறது. ஷிஃப்டர் ஹேண்டில்பாரில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. நாளுக்கு நூறு முறை விரல் தொடுவதும் அதைத்தான். விலை ஏற ஏற உள்ளே கிடைப்பது என்ன என்று கேட்டால், லிவர் ஆடும் அச்சில் வெறும் புஷ்ஷுக்குப் பதில் பேரிங், பிளாஸ்டிக்குக்குப் பதில் அலுமினிய லிவர், லிவரின் நிலையை நகர்த்தி வைக்கும் வசதி. கியர் எண்ணிக்கை அதேதான்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே இரண்டு நிறுவனங்களும் வளர்ந்திருப்பது தெரியும். ஸ்ராம் 2012-ல் முன்னால் ஒற்றைப் பல்சக்கரமும் பின்னால் 11-ம் கொண்ட எக்ஸ்எக்ஸ்1-ஐக் கொண்டுவந்தது. 2016-ல் 12 கியர் ஈகிள், மிகச் சிறிய பல்சக்கரத்தில் 10 பல், மிகப் பெரியதில் 50. ஷிமானோ 2018-ல் 12 கியர் எக்ஸ்டிஆரோடு வந்தது, 10 முதல் 51. ஸ்ராம் அடுத்து 52 ஆக்கியது. இந்தப் பந்தயத்தில் ஓட்டுபவருக்குக் கிடைத்த லாபம் உண்மையானதே: முன் ஷிஃப்டரும் முன் டீரெயிலரும் ஒழிந்தன. அந்த ஒரு பல் வித்தியாசத்தை ஏறும்போது கண்டுபிடிப்பவர் இருந்தால் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

மூன்றாவதாக ஒரு பெயர் சொல்ல வேண்டும், தைவானின் மைக்ரோஷிஃப்ட். அதன் அட்வென்ட் எக்ஸ் வரிசையில் பின்னால் 10 கியர்தான், 11 முதல் 48 பல் வரை. பல்சக்கரங்களுக்கு நடுவே இடம் கொஞ்சம் அதிகம் என்பதால் சரி செய்து வைப்பது சுலபம், சக்கரத்தின் நடுவில் இருக்கும் பழைய வகை ஹப்பிலேயே கேசட்டை மாட்டவும் முடியும். ஹேண்டில்பாருக்கு மேலே உட்காரும் பழைய பாணி ஒற்றைக் கட்டைவிரல் லிவரையும் இவர்கள் இன்னும் செய்கிறார்கள். பந்தயம் ஓட்டாத ஒருவருக்கு, முதல் மவுண்டன் பைக்கில், இது கேவலமான தேர்வு இல்லை. பலர் யோசிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முறுக்கும் கைப்பிடியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரே முறுக்கலில் கோடியிலிருந்து கோடிக்குப் போகலாம். குலுங்கும் இறக்கத்தில் இறுக்கிப் பிடிக்கும்போது தெரியாமல் முறுக்கிவிடும் ஆபத்தும் உண்டு.

கேபிளே இல்லாத வகை தனிக் கதை. ஷிமானோ 2014-ல் எக்ஸ்டிஆர் டிஐ2 என்று மின்கம்பி வழியாக இயங்கும் மவுண்டன் பைக் கியரைக் கொண்டுவந்தது. ஸ்ராம் 2019-ல் கம்பியையும் எடுத்துவிட்டு ஈகிள் ஏஎக்ஸ்எஸ்-ஐ விட்டது. ஷிமானோவும் 2025-ல் கம்பியில்லாத எக்ஸ்டிஆருக்கு வந்துவிட்டது. இங்கே ஷிஃப்டர் என்பது வெறும் பொத்தான். பெட்டிக்குள் உருளையும் இல்லை, கொக்கியும் இல்லை. ஸ்ராமின் பொத்தானுக்குள் இருப்பது கடிகாரக் கடையில் கிடைக்கும் சிஆர்2032 வகை வட்ட பேட்டரி. இழுப்பதும் விடுவதும் டீரெயிலரில் இருக்கும் மோட்டாரின் வேலையாகிவிட்டதால் இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவே இவ்வளவு நேரம் நாம் பேசிய வித்தியாசமே மறைந்துபோகிறது. எந்தப் பொத்தான் எந்தப் பக்கம் என்பதைக்கூட செயலியில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டீரெயிலரின் பேட்டரியைச் சார்ஜ் போட மறந்தால் அன்றைக்கு ஒரே கியர்தான். தொடங்குபவர்களுக்கு நான் கேபிளையே சொல்வேன். கேபிள் கெடுவதற்கு முன் நாள் கணக்கில் முனகிக் காட்டும்.

குற்றம் யாருடையது?

"இந்தக் கம்பெனி ஷிஃப்டர் சரியில்லை" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கேபிளின் குற்றம். கியர் கேபிள் சுமார் 1.2 மி.மீ. கம்பி, அதன் உறைக்குள் சேறோ துருவோ புகுந்தால் இழுக்கும் பக்கம் தெரியாது, ஏனென்றால் விரலுக்குப் பலம் இருக்கிறது. விடும் பக்கம் தெரியும். ஸ்பிரிங் ஒன்றுதான் இழுக்கிறது, அதால் முடியவில்லை. லேசான கியருக்கு நன்றாகப் போய், கனமான கியருக்குத் தயங்கித் தயங்கி வந்தால் சந்தேகமே வேண்டாம், கேபிளையும் உறையையும் மாற்றுங்கள். நேர்மாறாக, லேசான கியருக்குப் போகத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கும். ஷிஃப்டரிலிருந்து கேபிள் வெளிவரும் இடத்தில் உள்ள சிறு திருகைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கால் சுற்று திருப்பிப் பாருங்கள்.

என்னிடம் ஒரு பழைய ஷிஃப்டர் இருந்தது. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்து எடுத்தபோது லிவர் வெறுமனே போய் வந்தது. கிளிக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. போச்சு, புதுசுதான் என்று விலை விசாரிக்கவும் தொடங்கிவிட்டேன். மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எதுவும் உடையவில்லை. கிரீஸ் காய்ந்து மெழுகாகி, கொக்கி பல்லில் விழாமல் அந்தரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவும் ஸ்பிரே அடித்து, லிவரை முப்பது நாற்பது முறை ஆட்டி, இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டதும் 'டக்' என்ற சத்தம் திரும்பி வந்தது. இது எந்த நிறுவனத்துக்கும் நடக்கும். கொக்கியும் கிரீஸும் எல்லோருக்கும் பொது.

கடையில் பார்க்கும்போது சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லி, ஒருவரைப் பெடலைச் சுற்றச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலைப் பிரேக்கில் வைத்தபடியே கியரை மேலும் கீழும் மாற்றுங்கள். லிவரைத் தேட வேண்டியிருந்தால் உடனே ஷிஃப்டரைக் குறை சொல்லாமல், அதைக் கைப்பிடியிலிருந்து அரை அங்குலம் தள்ளியோ நெருக்கியோ வைத்துப் பாருங்கள். பிரேக்கோடு ஒரே பிடியில் மாட்டும் வகையாக இருந்தால் இந்த நகர்த்தலுக்கு இடம் குறைவு. பிரேக் ஒரு நிறுவனம், ஷிஃப்டர் இன்னொன்று என்றால் இடையில் பொருத்துவதற்குத் தனியாக ஒரு கிளாம்ப்பும் வேண்டியிருக்கும்.

இரண்டு சைக்கிள்களில் இரண்டு வகையையும் மாற்றி மாற்றி ஓட்டிய ஒரு வாரம் என் விரல்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. இல்லாத லிவரை ஆள்காட்டி விரல் காற்றில் இழுத்துக்கொண்டே இருந்தது. அதற்கு அப்புறம் இரு பக்கமும் நகரும் ஷிஃப்டரில்கூடக் கட்டைவிரலால் மட்டும் தள்ளிப் பழகிவிட்டேன். ஆள்காட்டி விரல் இப்போது பிரேக்கை விட்டு அசைவதே இல்லை.